உண்ணிக்குச்சியும் வார்ம் கியரும்: கோத்தகிரியில் ஓர் அலைச் சிற்பம் செய்த அனுபவம்

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு கைவினைக் கூடத்தின் முன்மண்டபத்துக்காக, உண்ணிச்செடி (லாண்டானா) குச்சிகளால் பின்னிய 16 நீண்ட இதழ்களை ஒரே அச்சுத்தண்டு வரிசையாக ஏற்றி இறக்கும் இயங்கு சிற்பம் ஒன்றைச் செய்து நிறுவியிருக்கிறோம். நீலகிரியின் மேற்பகுதியில் சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்து கிடக்கும் புல்வெளியைக் காற்று கடக்கும்போது புல்லின் தலைகள் சாய்ந்து நிமிருமே, அந்த அலைதான் இதன் உருவம். புல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அசைவு மட்டும் சரிவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது. இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் ஒவ்வோர் இதழும் தன் இடத்தில் மேலும் கீழும் மட்டும் போய்வந்தால் போதும், அலை ஓடும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணே செய்துகொள்ளும். இதுபோன்ற ஒன்றைச் செய்ய விரும்புகிறவருக்குப் பயன்படும்படி அளவுகளையும் காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மோட்டார் வைத்த சிற்பம் என்றதும் எழும் ஒரு மறுப்பை முதலில் எதிர்கொள்ள வேண்டும். அலெக்சாண்டர் கால்டர் 1930களின் தொடக்கத்தில் மோட்டாரும் கைச்சுழற்றியும் பூட்டிய சிற்பங்களைச் செய்தார். 1931இல் மார்செல் துஷாம்ப் 'மொபைல்' என்று பெயர் சூட்டியதும் அவற்றுக்குத்தான். ஆனால் கால்டர் விரைவிலேயே மோட்டாரை விட்டுக் காற்றின் பக்கம் போய்விட்டார், ஏனெனில் மோட்டார் ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது அவருக்குப் போதவில்லை. மெல்லிய உலோகத் தகடும் கம்பியும் தொங்கும் இடத்தில் அந்த முடிவு சரியானதே. ஆனால் தொங்குகிற பொருள் ஒவ்வொன்றும் கையால் செய்யப்பட்டு, எடையிலும் வளைவிலும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தால், சுழற்சி மாறாமல் இருப்பதே அந்த மாறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது என்பது என் கருத்து. 16 இதழ்களும் ஒரே உயரம் ஏறி, ஒரே உயரம் இறங்குகின்றன. ஆயினும் வளைவு அதிகமுள்ள ஏழாம் இதழ் உச்சியில் ஒரு கணம் முன்னோக்கிச் சாய்ந்து நிமிர்கிறது, நெருக்கமாகப் பின்னிய பதினோராம் இதழ் அசையாமல் ஏறுகிறது. இயந்திரம் துல்லியமாக இருக்க வேண்டும், கைவேலை தன் இயல்பில் இருக்க வேண்டும், இரண்டும் சந்திக்கும் இணைப்பு அந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி இந்த இணைப்புகளுக்கே சென்றது.

உண்ணிச்செடி அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நம் காடுகளின் அடித்தளத்தை மூடி, புல்லும் நாட்டுச் செடிகளும் முளைக்க விடாமல் தடுப்பது அதுவே. ஆகவே அதை அகற்றுவது காட்டுக்கு நன்மைதான். கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கலைஞர்கள் இக்குச்சிகளால் நிஜ யானை அளவில் செய்த யானைச் சிற்பங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பின்னல் கலைஞர்கள் இருவர்தான் எங்கள் இதழ்களைச் செய்து கொடுத்தார்கள்.

வெட்டிய குச்சியை நீண்ட இரும்புத் தொட்டியில் சில மணி நேரம் வேகவைத்து, சூட்டோடு தோலை உரிக்க வேண்டும். வெந்த குச்சியில் பூச்சி தங்காது; தோலும் சுளையாக வந்துவிடும். வளைப்பதும் அப்போதே. "சூடு ஆறுறதுக்குள்ள வளைச்சுக் கட்டிடணும் அண்ணா, ஆறிப்போனா முட்டிலயே ஒடிஞ்சுடும்" என்று பின்னல் கலைஞர்களில் ஒருவரான அக்கா சொன்னபடி, மரப்பலகையில் ஆணிகள் அடித்த அச்சு ஒன்றைத் தொட்டிக்கு அருகிலேயே வைத்துக்கொண்டோம். இதழ் ஒன்றின் நீளம் 1.2 மீட்டர், அகலம் 12 செ.மீ. இரு ஓரங்களிலும் பெருவிரல் பருமனுள்ள குச்சி. நடுவில் பென்சில் பருமனுள்ள கொம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு எடை போட்டபோது, மிக இலகுவானது 380 கிராம், மிகக் கனமானது 520 கிராம் இருந்தது. அச்சு ஒன்றே, கைகளும் அவையே, இருந்தும் இவ்வளவு வேறுபாடு. கனமானவற்றைச் சீவிச் சமன்செய்யலாம் என்று பட்டறையில் ஒருவர் யோசனை சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. பின்னலில் எந்தக் குச்சியைச் சீவினாலும் அதன் பிடி தளர்ந்துவிடும். தவிர, எடை வேறுபாட்டை இயந்திரத்தின் பக்கத்திலேயே தீர்க்க வழி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

நெம்புகோல்களுக்குச் சில்வர் ஓக் மரம் எடுத்தோம். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் இந்த மரம் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. மையத்திலிருந்து ஆரவாக்கில் அறுத்தால் பலகையின் முகத்தில் வலைப்பின்னல் போன்ற அழகான கோலம் தெரியும். ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கக்கூடியது, எனவே முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் இழைக்க வேண்டாம். ஒவ்வொரு நெம்புகோலும் 50 செ.மீ. நீளம். ஒரு முனையில் சுழலச்சு. அங்கிருந்து 15 செ.மீ. தூரத்தில், அச்சுத்தண்டிலுள்ள வட்டின் விளிம்பில் ஓடும் உருளை, 45 செ.மீ. தூரத்தில் இதழைத் தாங்கும் நூல். ஆக, உருளை எவ்வளவு ஏறுகிறதோ அதைப்போல மும்மடங்கு நூல் ஏறும். மலைப் பனியில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆனால் இந்த மாற்றம் இழைக்குக் குறுக்கே நடப்பது, நீளவாக்கில் புறக்கணிக்கத் தக்க அளவே. அதனால் நெம்புகோலின் 15-க்கு 45 என்ற விகிதம் எந்தப் பருவத்திலும் மாறாது. மாறுவது துளையின் விட்டம்தான். மரத்துளையில் நேரடியாகக் கம்பியைச் செருகினால் மழைக்காலத்தில் இறுகி நின்றுவிடும் என்பதால், எல்லாச் சுழலச்சுத் துளைகளிலும் கன்மெட்டல் புஷ் (வெண்கல வகை உலோக உறை) அடித்து, 10 மி.மீ. பிரைட் கம்பி (வழவழப்பான எஃகுக் கம்பி) ஒன்றை 16 நெம்புகோல்களுக்கும் பொதுவாகக் கோத்தோம்.

இனி சிற்பத்தின் இதயமான அச்சுத்தண்டு. 20 மி.மீ. விட்டமுள்ள பிரைட் தண்டு, ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளம், நான்கு பிளம்மர் பிளாக்குகளின் (தண்டைத் தாங்கும் பேரிங் கூடுகளின்) மேல் அமர்ந்திருக்கிறது. அதில் 15 செ.மீ. இடைவெளியில் 16 எசென்ட்ரிக் வட்டுகள். ஒவ்வொன்றும் 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் வெட்டிய 12 செ.மீ. விட்டமுள்ள வட்டு, தண்டு நுழையும் துளை வட்டின் மையத்திலிருந்து 25 மி.மீ. விலகியிருக்கும். வட்டு ஒரு சுற்று சுற்றினால் உருளை 50 மி.மீ. ஏறி இறங்கும், நூலின் முனையில் அது 15 செ.மீ. ஆகும். உருளையாக வெறும் எஃகு பேரிங் வைக்க வேண்டாம். பிளைவுட்டின் விளிம்பில் ஒரு அடுக்கு இழைவாக்கிலும் அடுத்தது குறுக்கிழையாகவும் மாறி மாறி வருவதால், எஃகு அந்த விளிம்பைச் சீரில்லாமல் தேய்த்து, நாளடைவில் இதழில் நடுக்கம் தெரியத் தொடங்கும். நகரும் கதவுகளுக்காக விற்கும் நைலான் உறையிட்ட பேரிங் விலையும் குறைவு, ஓசையும் எழுப்பாது.

வட்டுகளை ஒன்றுக்கொன்று 22.5 டிகிரி திருப்பிப் பூட்டினால் 16 வட்டுகளில் ஒரு முழு அலை கிடைக்கும். ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனிக் கோணத்தில் சாவிக்காடி (தண்டில் நழுவாமல் பூட்டுவதற்கான பள்ளம்) வெட்டுவது பெருவேலை. அதில் சிறு கோணப் பிசகு நேர்ந்தாலும் அலையில் ஒரு பல் விழுந்ததுபோலத் தெரியும். நாங்கள் கையாண்ட முறை எளிது. தண்டின் நீளம் முழுவதும் ஒரே நேர்கோட்டில் ஒரு சாவிக்காடி வெட்டினோம். வட்டு ஒன்றுக்கு ஓர் இரும்பு ஃப்ளாஞ்சு (தண்டில் பூட்டும் வளையத்தட்டு), அதில் எதிரெதிரே இரண்டு போல்ட் துளைகள். வட்டிலோ, தண்டின் மையத்தைச் சுற்றி 24 மி.மீ. ஆரத்தில் சம இடைவெளியில் 16 துளைகள். எல்லா வட்டுகளையும் ஒரே ஜிக்கில் (துளையின் இடத்தைக் காட்டும் சட்டத்தில்) வைத்துத் துளையிட்டதால் அவை அச்சாக ஒன்றே. முதல் வட்டை முதல் துளையில் பூட்டு, அடுத்ததை ஒரு துளை தள்ளிப் பூட்டு, இப்படியே போனால் கோணம் தானாக அமைந்துவிடும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு துளை தள்ளிப் பூட்டினால் 45 டிகிரி வீதம் இரண்டு அலைகள் ஓடும். எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம்.

கடைசலுக்குக் கொடுத்தபோது, எல்லா எசென்ட்ரிக்கையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தால் வேலை சுலபமாயிற்றே என்று லேத் பட்டறை அண்ணன் கேட்டார். நீலகிரி மலை ரயிலின் பல்தண்டவாளத்தைச் சொன்னேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே ஓடும் ஆப்ட் முறைப் பல்சட்டம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி அரைப் பல் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். ஒரு பல் சுமையை விடும்போது மற்றொன்று பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் இழுவை சீராக இருக்கிறது. நம் வட்டுகளுக்கும் இதே நியாயம்தான் என்றதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்த நியாயத்தைக் கணக்காகவும் பார்க்கலாம். 450 கிராம் இதழ் நூலில் தொங்கினால், மும்மடங்கு நெம்புகையால் உருளையின் மேல் 1.35 கிலோ அழுத்தும். நெம்புகோலின் சொந்த எடையும் சேர்ந்து ஏறத்தாழ 1.65 கிலோ. இது 2.5 செ.மீ. விலகலில் அமர்வதால், தண்டைத் திருப்ப அதிகபட்சமாக 4 கிலோ–செ.மீ. முறுக்கு வேண்டும். 16 வட்டுகளும் ஒரே திசையில் நின்றால் மொத்தம் 65 கிலோ–செ.மீ.க்கு மேல் வேண்டியிருக்கும். அதுவும் பாதிச் சுற்றில் தூக்கும் சுமையாகவும் மறுபாதியில் தள்ளும் சுமையாகவும் மாறி, சங்கிலியைச் சுண்டி இழுக்கும். ஆனால் சுற்று முழுவதும் சமமாகப் பரப்பி வைத்தால், எட்டு இதழ்கள் ஏறும்போது எட்டு இறங்குகின்றன. இறங்கும் எடை ஏறும் எடையைத் தூக்கிவிடுகிறது. மோட்டாருக்கு மிஞ்சுவது உராய்வு மட்டுமே. மோட்டார் பக்கச் சங்கிலியைக் கழற்றிவிட்டால், முழுச் சிற்பத்தையும் அச்சுத்தண்டின் சங்கிலிச் சக்கரத்தைப் பிடித்து ஒரு கையால் சுற்ற முடிகிறது.

ஆனால் இது இதழ்கள் சம எடை கொண்டிருந்தால்தான் முழுமையாகப் பொருந்தும். மேலே சொன்ன 380 முதல் 520 கிராம் வேறுபாடு இங்கேதான் கேள்வியாகிறது. விடை வரிசையில் இருக்கிறது. முதல் வட்டும் ஒன்பதாம் வட்டும் 180 டிகிரி எதிரெதிரானவை. இரண்டும் பத்தும், மூன்றும் பதினொன்றும் அப்படியே. இதழ்களை எடைவாரியாக அடுக்கி, எடை நெருங்கிய இரண்டிரண்டை இணையாக்கி, ஒவ்வோர் இணையையும் இப்படி எதிரெதிர் இடங்களில் தொங்கவிட்டால், இதழ்கள் எவ்வளவு மாறுபட்டிருந்தாலும் சுமை ஏறக்குறைய சமமாகிவிடும். எங்கள் இணைகள் எவற்றிலும் வேறுபாடு 15 கிராமைத் தாண்டவில்லை. அந்த மிச்சத்தையும் நூல் கட்டும் கொக்கியில் இரண்டொரு வாஷர் கோத்து ஈடுசெய்தோம். ஓர் இதழையும் சீவவில்லை. பின்னியவர்கள் தந்தபடியே எல்லாம் தொங்குகின்றன என்பதில் எனக்குப் பெரும் நிறைவு.

எசென்ட்ரிக் வட்டின் அசைவு பற்றி ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். உருளை வட்டின் விளிம்பில் ஓடுவதால் அதன் ஏற்ற இறக்கம் கணக்குப் புத்தகத்து சைன் வளைவாக இருக்காது. உச்சி சற்றுக் குறுகலாகவும், அடிப்பகுதி சற்று அகலமாகவும் அமையும். நம் அளவுகளில் இந்த விலகல் உருளையில் 2 மி.மீ., நூலில் 6 மி.மீ. அளவுதான். நீரலையும் இவ்வாறே முகடு குறுகி, பள்ளம் அகன்று இருக்கும் என்பதால், இதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டோம். உருளையும் நூலும் சுழலச்சுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும்போதுதான் இது பொருந்தும். சுழலச்சை நடுவில் வைத்துத் தராசுபோல் அமைத்தால் அலை தலைகீழாகி, முகடு தட்டையாகத் தெரியும்.

இயக்கும் பகுதிக்குக் கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையொன்றில் கிடைத்த வார்ம் கியர் பெட்டி பயன்பட்டது. தேயிலைத் தொழிற்சாலைக் கன்வேயரில் ஓடியது, விகிதம் 60-க்கு 1. எஃகுத் திருகு வெண்கலப் பல்சக்கரத்தை உரசிக்கொண்டே திருப்புவதால் இதில் இழப்பு அதிகம், ஆனால் ஓசை குறைவு. ஒரே கட்டத்தில் வேகம் பெரிதும் இறங்கும். அந்த இறக்கம் எவ்வளவு வலியது என்பதை அமெரிக்கச் சிற்பி ஆர்தர் கேன்சன் ஒரு படைப்பில் காட்டியிருக்கிறார். 50-க்கு 1 விகிதமுள்ள 12 வார்ம் இணைகளைத் தொடராகப் பூட்டி, கடைசிச் சக்கரத்தைக் கான்கிரீட்டில் பதித்துவிட்டார். மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, கடைசிச் சக்கரம் ஒரு சுற்று வர இரண்டு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால் கான்கிரீட்டுக்கு ஒன்றும் நேர்வதில்லை. பழைய பெட்டி வாங்குபவர் மூடியைத் திறந்து வெண்கலப் பல்லின் தடிப்பைப் பார்த்தே வாங்க வேண்டும். கத்திமுனைபோல் கூர்ந்திருந்தால் விட்டுவிடலாம். எண்ணெயாக வி.ஜி. 460 என்னும் கெட்டித் தரமுள்ள கியர் எண்ணெய் ஊற்றினோம். கந்தகம் சேர்ந்த சில மிகையழுத்த எண்ணெய்கள் வெண்கலத்தை அரிக்கும் என்பதால், கையிலிருக்கும் லாரி கியர் எண்ணெயை ஊற்றிவிடுவது நல்லதல்ல.

1440 சுற்று மோட்டார் இந்தப் பெட்டியின் வழியே நிமிடத்துக்கு 24 சுற்றாக இறங்குகிறது. இதுவும் நமக்கு மிக வேகம். அது மட்டுமல்ல, இதழ்கள் 1.5 மீட்டர் நூலில் தொங்குவதால் ஒவ்வொன்றும் ஊசலும்கூட. அதன் இயல்பான ஊசல் நேரம் ஏறத்தாழ 2.5 வினாடி. நிமிடத்துக்கு 24 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கும் அதே 2.5 வினாடி! நெம்புகோலின் முனை வில்லாக நகர்வதால் நூலுக்குச் சிறிது பக்கவாட்டு அசைவும் உண்டு; இரண்டு நேரங்களும் ஒத்துப்போனால் அந்தச் சிறு அசைவே ஊஞ்சல் தள்ளுவதுபோலப் பெருகி இதழ்கள் ஒன்றோடொன்று மோதும். எனவே சைக்கிள் சங்கிலியில் இரண்டு கட்டக் குறைப்பு வைத்தோம். இரண்டிலும் 18 பல் சிறு சக்கரம், 44 பல் பெரிய சக்கரம். முடிவில் நிமிடத்துக்கு 4 சுற்று, அலை ஒன்றுக்கு 15 வினாடி. சிறு சக்கரமாகச் சைக்கிள் ஃப்ரீவீலையே பயன்படுத்தலாம், ஆனால் அதைப் பற்றவைத்து உள்வளையமும் வெளிவளையமும் ஒன்றாகும்படி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும் எடை சிறிது மிகும் கணங்களில் தண்டு முந்திக்கொண்டு ஓடி, பிறகு சங்கிலி பிடிக்கும்போது எல்லா இதழ்களும் ஒருசேர அதிரும்.

மோட்டார் கால் குதிரைத்திறன், மூன்று ஃபேஸ். கூடத்தில் இருப்பதோ 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் இணைப்பு. ஒற்றை ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் தரும் சிறிய வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) ஒன்றைப் பூட்டினோம். அது தருவதும் 230 வோல்ட்தான் என்பதால், மோட்டாரின் இணைப்புப் பெட்டியில் சுருள்களை இணைக்கும் பித்தளைப் பட்டிகளை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாற்ற வேண்டும். பெயர்த்தகட்டில் 230 டெல்டா, 415 ஸ்டார் என்று பொறித்திருக்கும் மோட்டாருக்கே இது பொருந்தும். தொடங்கும்போது பத்து வினாடியில் மெதுவாக வேகம் ஏறும்படி அமைத்தோம். 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டுவதில்லை, ஏனெனில் மோட்டாரின் விசிறியும் அதே தண்டில் இருப்பதால் வேகம் குறையக் குறைய அது தன்னைக் குளிர்வித்துக்கொள்வதும் குறையும். மின்தடைக்குப் பிறகு தானாக ஓடத் தொடங்காதபடியும் அமைத்துவிட வேண்டும். ஆள் வந்து பொத்தானை அழுத்திய பிறகே இது நகர வேண்டும்.

இவ்வளவு வேகக் குறைப்புக்குப் பின் கால் குதிரைத்திறன் மோட்டார் அச்சுத்தண்டில் ஆயிரம் கிலோ–செ.மீ.க்கு மேல் முறுக்கைத் தரவல்லது. நமக்குத் தேவை அதில் மிகச் சிறு பங்கு. எங்காவது ஒரு நெம்புகோல் சிக்கினால் இந்த மிகுதி மரத்தை முறித்துவிடும். அதற்காக, கடைசிச் சங்கிலிச் சக்கரத்தைத் தண்டோடு இணைக்கும் இடத்தில் இரும்பு முளைக்குப் பதிலாக முற்றிய மூங்கிலில் சீவிய 5 மி.மீ. முளை வைத்தோம். தண்டில் 30 செ.மீ. நீளக் கை ஒன்றைப் பூட்டி, சுருள்வில் தராசால் இழுத்துப் பார்த்தபோது 4 முதல் 5 கிலோ இழுப்பில் முளை அறுந்தது. சாதாரண ஓட்டத்துக்கு அது தாராளம். சிக்கலுக்கு அது காவல். இருப்புக்கு ஒரு டஜன் முளைகள் சீவிக் கியர் பெட்டிக்கு அருகில் தொங்குகின்றன. சங்கிலிகளுக்குத் தகர மூடி உண்டு. இதழ்களின் மிகத் தாழ்ந்த நிலை தரையிலிருந்து 2.3 மீட்டர்.

நூல் தேர்வில் நிறையப் பேசினோம். பருத்திக் கயிறு ஈரத்தில் முறுக்கேறிச் சுருங்கும், நைலான் ஈரத்தை ஏற்று நீளும். கோத்தகிரிப் பனியில் இரண்டும் இதழ்களின் மட்டத்தைத் தினமும் மாற்றிவிடும். பாலிஎத்திலீன் இழைகளால் பின்னிய தூண்டில் நூல் ஈரத்தை ஏற்பதில்லை. அது வழுவழுப்பானது, சாதாரண முடிச்சு வழுகிவிடும். எனவே நூலை இரட்டையாக்கி முடிந்து, முனையைச் சூட்டில் சற்றே உருக்கிவிட்டோம். ஒவ்வோர் இதழும் இரண்டு இடங்களில் பிடிக்கப்பட்டு, அந்த இரு நூல்களும் மேலே ஒரு கொக்கியில் சேர்கின்றன. அந்தப் பிடிகளை ஒரு விரல்கடை நகர்த்தினால் இதழின் சாய்வு மாறும். ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, பின்னிய இருவரையும் கீழே நிற்கவைத்துக் கேட்டுத்தான் பிடியின் இடத்தை முடிவுசெய்தோம். "அந்த ஒன்பதாவது மூக்கைத் தொங்கப்போட்டிருக்குதுங்க, கொஞ்சம் தூக்குங்க" என்று அவர்கள் சொன்னதை எந்த ரசமட்டமும் சொல்லியிருக்காது.

கோத்தகிரிச் சரிவு கிழக்கு பார்த்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்டபத்துக்குள்ளும் நிறைந்திருக்கும். முதல் மழைக்காலம் முடிந்ததும் இதழ்களைக் கழற்றி எடை பார்த்தோம். எல்லாமே ஏறியிருந்தன, நெருக்கமாகப் பின்னியவை கூடுதலாக ஏறியிருந்தன. குச்சியின் வெட்டுமுனைகளே ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சுபவை என்பதால், இப்போது அந்த முனைகளுக்கு மட்டும் பாலியூரிதேன் பூசியிருக்கிறோம். குச்சியின் உடலுக்குப் பூச்சு எதுவும் இல்லை. வெந்து காய்ந்த அந்த மஞ்சள் நிறம் தானாகவே பழுப்பேறி வருகிறது. இரண்டு இணைகளில் வாஷர் மாற்றினோம். வட்டுகளின் போல்ட்டுகளையும் ஒரு சுற்று இறுக்க வேண்டியிருந்தது, பிளைவுட் ஈரத்தில் உப்பிப் பின் தணியும்போது பிடி சற்றுத் தளர்கிறது. அதற்கு ஸ்பிரிங் வாஷர் போதவில்லை. அகலமான தட்டை வாஷரும் நைலாக் நட்டும் (நைலான் வளையமுள்ள, தளராத நட்டு) சேர்ந்தே நிற்கின்றன. அடுத்த முறை கழற்றும்போது வட்டுகளை இரண்டு துளை தள்ளி இரட்டை அலையாகப் பூட்டப்போகிறோம். அப்போது எதிரிணைகள் ஒன்றும் ஐந்தும், இரண்டும் ஆறும், மூன்றும் ஏழும் என்று மாறும் என்பதால், 16 இதழ்களையும் மறுபடி எடை பார்த்து, புதிய வரிசையில் தொங்கவிட வேண்டும்.